கல்வெட்டில் இல்லாத ஏழு வருடங்கள்

என்ர அண்ணை,

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. உங்கள் கார் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. பார்க்கிங் அனுமதி முடிகிறதென்று கவுன்சில் உங்கள் பெயருக்கே கடிதம் போடுகிறது.

இதையெல்லாம் சொல்ல நான் எழுதவில்லை. உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த நினைவுப் புத்தகம், அந்தக் கல்வெட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். தேவாரத்துக்கும் வம்சாவளிக்கும் நடுவில் வருகிற வாழ்க்கை வரலாற்றை, பல்கலைக்கழகம் போனவள் என்று என்னிடம் தந்தார்கள். 'இங்கிலாந்தின் வடபகுதியில் தனியார் நிறுவனமொன்றில் நிர்வாகப் பொறுப்பு வகித்தார்' என்று எழுதினேன். ஏழு வருடத்துக்கு ஒரு வசனம். அந்த ஏழு வருடமும் நீங்கள் ரக்பி லீக் விளையாடிச் சம்பளம் வாங்கினீர்கள் என்பது அதில் இல்லை.

சுரங்கத்திலும் மில்லிலும் வேலை செய்தவர்கள், விளையாடப் போன நாளுக்குக் கூலி கேட்டுப் பிரிந்துவந்து உண்டாக்கிய ஆட்டம் அது என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். தெற்கின் கனவான்கள் அதைக் கேவலமாகப் பார்த்தார்களாம். வரலாறு படித்துக்கொண்டிருந்த நான் அதை ஒரு கட்டுரையாகவே எழுதி நல்ல பெயர் வாங்கினேன். வீட்டில் மட்டும் கனவான்களின் பக்கம் நின்றேன்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, "தமையன் என்ன செய்யிறார்?" என்று மாமனார் கேட்டார். "நிர்வாகம்" என்றேன். அடிபட்டு உழைக்கிறவர் என்று சொல்ல வாய் வரவில்லை.

"கையை ஏன் தம்பி தோளோட தூக்கிக் கட்டியிருக்கிறீர்?" என்று உங்களிடம் கேட்டார்.

"படியில சறுக்கிப்போட்டன், மாமா" என்றீர்கள். நாங்கள் இருந்தது நிலமட்டத்து பிளாட். ஒரு படிகூட இல்லை. நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்காகச் சொன்ன அந்தப் பொய்யைப் பாசம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். பாசம்தானா, அண்ணை?

அந்தியேட்டியன்று லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் எடுத்த மண்டபத்தில் சாப்பாடு முடிந்து கல்வெட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மூன்று பேர் வந்தார்கள். கழுத்தில்லாத தோள்கள், உடைந்து பொருந்திய மூக்குகள். நடுவில் உங்களோடு விளையாடிய கெவின். உங்கள் போனுக்கு வந்த அவருடைய அழைப்பை எடுத்துத் திகதி சொன்னது நான்தான். அவ்வளவு தூரம் வருவார் என்று நினைக்கவில்லை.

"ஆர் பிள்ளை இந்த வெள்ளையள்? உன்ர அண்ணற்ர கொம்பனி ஆக்களோ?" என்று என் கணவரின் தாய், மாமி, என் காதுக்குள் கேட்டா.

"ஓம் மாமி."

"மனேஜர்மாரெண்டா இப்பிடியே இருப்பினம்? சண்டியர் மாதிரியெல்லோ கிடக்கு!"

கெவின் உங்கள் படம் இருந்த பக்கத்தை விரித்து என்னிடம் நீட்டினார். "வாசி, லவ். எங்கள் ஆளைப் பற்றி என்ன போட்டிருக்கிறது?" லவ் என்றதும் மாமி திரும்பிப் பார்த்தா. அவர்கள் ஊரில் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று விளக்க நேரமில்லை.

"மிக நன்றாக விளையாடினார்" என்று ஆங்கிலத்தில் வாசிப்பதுபோலத் தொடங்கினேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் கூப்பிட்டு நான் வந்து பார்த்தது ஒரேயொரு ஆட்டம். அதிலும் பாதியில் எழும்பிப்போய் காருக்குள் இருந்தேன்.

"கூரை ஓடு செய்யும் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்துப் பயிற்சிக்கு ஓடிவருவானே, அது இருக்கிறதா?"

"இருக்கிறது."

"கழகம் முழுநேரச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியபோது முதலில் கையெழுத்து வைத்தவன் அவன். முதல் நாள் காலை ஆறு மணிக்கே வந்து பூட்டின கேற்றுக்கு முன்னால் நின்றான். வேலையென்றால் ஆறு மணிதானே என்றான்!" மூன்று பேரும் குலுங்கிச் சிரித்தார்கள்.

"அதுவும் இருக்கிறது" என்றேன்.

"தோளில் காறை எலும்பு உடைந்த பிறகும் இருபது நிமிடம், ஒருவனையும் தாண்ட விடவில்லை. அது எந்த வரி?"

விரலை வைக்கக் காத்திருந்தார். ஒரு வரியைக் காட்டினேன். அப்பப்பாவின் தம்பி மலாயாவில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்ததைச் சொல்லும் வரி அது. கெவின் அதை மெதுவாகத் தடவினார். அன்று நீங்கள் படியில் சறுக்கியது எங்கே என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

உங்கள் வாழ்க்கையை நான் அறிந்தது இப்படித்தான், அண்ணை. 'இருக்கிறது, இருக்கிறது' என்று பொய் சொல்லிச் சொல்லி.

போன கிழமை கெவின் எழுதியிருக்கிறார். கழகத்தின் சுவரில் பழைய வீரர்களைப் பற்றி வைக்கப்போகிறார்களாம். கல்வெட்டின் அந்தப் பக்கத்தை நான் அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்துத் தரவேண்டுமாம். இரண்டு தரம் உட்கார்ந்தேன். எழுதுவது சுலபம். அவர் சொன்னதையே திருப்பிக் கொடுத்தால் சந்தோஷப்படுவார், ஒருவருக்கும் தெரியவராது. இரண்டு தரமும் அழித்துவிட்டேன்.

அதனால்தான் இதை எல்லாரும் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன். கெவினுக்கு இன்றே போன் எடுத்து, அவர் தடவிய வரியில் நீங்கள் இல்லை என்று சொல்லுவேன். அவர் கோபிக்கட்டும். பிறகு அந்த ஏழு வருடத்தையும் அவரிடமே கேட்டு, தமிழில் எழுதி அடிப்பித்து, கல்வெட்டு வாங்கிப்போன ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பேன். முதல் வீடு மாமனாருடையது. அவருக்கு இப்போது கண் தெரியாது. நான்தான் உரத்து வாசிக்கவேண்டும்.

அதற்குப் பிறகு கெவினுக்கு ஆங்கிலத்தில் அனுப்புவேன். அப்போது அது மொழிபெயர்ப்பாக இருக்கும்.

பாதி ஆட்டத்தில் எழும்பிப்போன
உங்கள் தங்கச்சி