துணைக்கு வந்த காதுகள்

ஸ்வென்போர்க், 4 பிப்ரவரி 2016

அன்புள்ள தோர்கில்,

விவாகரத்துக்குப் பிறகு கிறிஸ்துமஸ் வாழ்த்து தவிர நாம் எதுவும் எழுதிக்கொண்டதில்லை. இன்று அந்த வழக்கத்தை மீறுகிறேன். உட்கார்ந்து படி.

எனக்கு இடது மார்பில் புற்றுநோய். கட்டியை எடுத்துவிட்டார்கள். அக்குளில் முதலாவதாக இருக்கும் ஓரிரண்டு நிணநீர்ச் சுரப்பிகளையும் எடுத்துப் பார்த்ததில், ஒன்றில் துளி நோய் இருந்தது. அப்படி இருந்தால் இன்னொரு அறுவை செய்து மிச்சச் சுரப்பிகளையும் எடுத்துவிடுவார்களாம். எடுத்தால் சிலருக்குக் கை ஆயுள் முழுக்க வீங்கியே இருக்கும். நான் பனிக்காலத்திலும் கடலில் குளிக்கிறவள். குளியல் துறையின் ஏணியைப் பிடித்துக் கரையேற எனக்கு இந்தக் கை வேண்டும்.

இப்போது ஓர் ஆய்வில் சேருகிறாயா என்று கேட்கிறார்கள். மிச்சச் சுரப்பிகளை எடுக்காமலே விடலாமா என்று பார்க்கும் ஆய்வு. விளக்கம் சொல்லும் நாளில் துணைக்கு ஒருவரை அழைத்து வருவது என் உரிமை என்று அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். "நாலு காது இருந்தா நல்லதுங்க" என்றாள் செவிலி. என் தங்கை அழுவாள். பக்கத்து வீட்டுக்காரி பேசிக்கொண்டே இருப்பாள். வாயைத் திறக்காமல் கேட்பவன் எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான். அதற்காகத்தானே உன்னை விட்டு வந்தேன். இப்போது அதுவே தேவைப்படுகிறது.

வருவாயா?

போடில்


ரீபே, 7 பிப்ரவரி 2016

அன்புள்ள போடில்,

வருகிறேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடிதம் முடிவதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

நிலம் அளந்து ஓய்வுபெற்றவனுக்கு மருத்துவம் என்ன தெரியும்? நீ அனுப்பிய தாள்களைப் படித்தேன். ஓரிடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். யாருக்கு இரண்டாவது அறுவை, யாருக்கு இல்லை என்பதை டாக்டரும் முடிவு செய்வதில்லை, நீயும் செய்வதில்லை. கணினி குலுக்கிப் போடுமாம். ஓர் எல்லைக்கல்லைக்கூட நான் குலுக்கிப் போட்டு நட்டதில்லை. சந்தேகம் வந்தால் இன்னொரு முறை அளக்கிற ஆள் நான். இவர்கள் குறைவாகச் செய்தால் போதுமா என்கிறார்கள். செலவை மிச்சம் பிடிக்கிறார்களோ என்றுகூடத் தோன்றியது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் தோன்றியது.

பயந்தவனைத் துணைக்கு அழைக்கிறாய். யோசித்துக்கொள்.

தோர்கில்


ரீபே, 18 பிப்ரவரி 2016

அன்புள்ள போடில்,

விளக்கம் சொன்ன நாளில் டாக்டர் ரிக்கெ பேச ஆரம்பித்ததும் உன் காது அடைத்துவிட்டது என்றாய். கேட்டதை எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

எது நல்லது என்று நீ கேட்டாய். அவர் சொன்னது: "எங்களுக்கே தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா இந்த ஆய்வே வேணாமே."

ஏன் குலுக்க வேண்டும் என்றாய். "நான் தேர்ந்தெடுத்தா, தெம்பா இருக்கறவங்களுக்கு ஒண்ணும் பயமா இருக்கறவங்களுக்கு இன்னொண்ணும் குடுத்துடுவேன். அப்புறம் எது எதனால ஆச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

இது எனக்குப் புரிந்தது. அளக்கிறவனின் ஆசை அளவுச் சங்கிலியைப் பிடித்து இழுத்தால் எல்லை தப்பாகிவிடும். இரண்டு பக்கத்தாருக்கும் கதிர்வீச்சும் மாத்திரையும் உண்டு. சிகிச்சை இல்லாமல் யாரையும் விடுவதில்லை.

பிறகு அவர் என்னைப் பார்த்தார். நீ குறுக்கே புகுந்தாய்: "அவன் கேக்க மாட்டான் டாக்டர். குடித்தனம் நடத்தினவ சொல்றேன்."

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ. "பாதியிலேயே, சுரப்பிய விட்டுவெச்சவங்களுக்கு நோய் திரும்பறது அதிகமாத் தெரிஞ்சா? கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பீங்களா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எங்களோட சம்பந்தமில்லாத ஒரு குழு நடுநடுவுல கணக்கைப் பாக்குது. ஆபத்துன்னா நிறுத்தச் சொல்லுவாங்க, நிறுத்திடுவோம். இவங்களும் எப்ப வேணாலும் விலகிக்கலாம், காரணமே சொல்ல வேணாம். வைத்தியம் ஒரு குறையும் இல்லாம நடக்கும்."

"பேசிட்டான். தேதியக் குறிச்சுக்கோங்க" என்றாய் நீ.

யோசிக்கக் காலம் தந்திருக்கிறார்கள். என் பயம் போகவில்லை. ஆனால் இது சூதாட்டம் இல்லை என்று தோன்றுகிறது.

தோர்கில்


ஸ்வென்போர்க், 3 மார்ச் 2016

அன்புள்ள தோர்கில்,

கையெழுத்துப் போட்டேன். செவிலி தொலைபேசியில் கூப்பிட்டாள். "உங்களுக்கு எடுக்காத பக்கம் விழுந்திருக்குங்க."

ஆசைப்பட்டது இதற்குத்தான். கிடைத்த பிறகு பயம். அக்குளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். உள்ளே விட்டுவைத்ததில் நோய் இருந்தால்? விலகிவிடவா?

போடில்


ரீபே, 6 மார்ச் 2016

அன்புள்ள போடில்,

டாக்டருக்கே தெரியாததை எனக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்வேன்? விலகினால் உன்னைக் குறை சொல்ல யாரும் இல்லை. நிற்பதானால், ஒவ்வொரு பரிசோதனைக்கும் என் காதுகளைக் கூட்டி வருகிறேன். வாயும் கூட வருமா என்று உறுதி சொல்ல முடியாது.

தோர்கில்


ஸ்வென்போர்க், 9 அக்டோபர் 2023

அன்புள்ள தோர்கில்,

இத்தனை வருடப் பரிசோதனைகளுக்கும் ரயிலேறி வந்தாய். இதை நீதான் முதலில் கேட்க வேண்டும். ஆனால் வாய் நிற்கவில்லை, குளியல் துறையில் சொல்லிவிட்டேன்.

ஆய்வின் முடிவு வந்துவிட்டது. சுரப்பிகளை விட்டுவைத்தவர்களும் எடுத்தவர்களைப் போலவே நன்றாக இருக்கிறார்கள். நோய் திரும்புவது அதிகமாகவில்லை. கைவீக்கம் எங்கள் பக்கத்தில் மிகக் குறைவு. டாக்டர் ரிக்கெயே தொலைபேசியில் சொன்னார்: "உங்கள மாதிரி நோய் உள்ளவங்களுக்கு இனிமே அந்த ரெண்டாவது ஆபரேஷன் வேணாம்னு சொல்லப் போறோம். நீங்கள்லாம் நின்னதாலதான்."

துறையில் சொன்னதும், குளிக்க இறங்கவிருந்த கிழவிகள் அத்தனை பேரும் அம்மணமாகவே நின்று கைதட்டினார்கள். நான் இடது கையால் ஏணியைப் பிடித்து ஏறினேன், வேண்டுமென்றே.

போடில்


ரீபே, 12 அக்டோபர் 2023

அன்புள்ள போடில்,

உன் கடிதம் வந்ததும், பிறந்தநாளுக்கு ஏற்றுகிற மாதிரி, தோட்டத்துக் கொடிமரத்தில் கொடி ஏற்றப் போனேன். அவசரத்தில் கயிறு சிக்கி, கொடி பாதிக் கம்பத்திலேயே நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு எவால்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தான்.

"யாரு போயிட்டா தோர்கில்?"

"யாரும் போகலப்பா. கயிறு சிக்கிக்கிச்சு. போடில் ஜெயிச்சிருக்கா."

"உன்ன விட்டுட்டுப் போன போடிலா?"

"அவளேதான்."

"அட மடையா, அதுக்குப் போய் துக்கக்கொடியா? புடி அந்தப் பக்கம்."

இருவரும் இழுத்து உச்சிக்கு ஏற்றினோம். பொழுது சாய்ந்து கொடியை இறக்கும்வரை தோட்டத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தெருவில் போகிறவர்கள் யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொன்னேன். ஆமாம், வாயைத் திறக்காத நான்தான்.

ஒரு கேள்வி பாக்கி. பரிசோதனைகள் இனி அடிக்கடி இல்லை. காரணம் இல்லாமல் ஸ்வென்போர்க்குக்கு வர எனக்குத் தைரியம் போதாது. அதனால் கேட்கிறேன்: உன்னோடு வந்து இருந்துவிடவா? உடனே பதில் வேண்டாம். யோசிக்கக் காலம் எடுத்துக்கொள். துணைக்கு யாரையாவது வைத்துக்கொண்டும் யோசிக்கலாம்.

தோர்கில்


ஸ்வென்போர்க், 14 அக்டோபர் 2023

அன்புள்ள தோர்கில்,

துறையில் எல்லோரையும் துணைக்கு வைத்துக்கொண்டு யோசித்தேன். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், விலகிக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு. அது தெரிந்தே சம்மதிக்கிறேன்.

கொடியை எடுத்துக்கொண்டு வா. தண்ணீர் குளிரும், நீ பயப்படுவாய். ஏணியில் நின்று கை கொடுக்கிறேன். இடது கை.

உன்
போடில்