காத்திருக்கச் சொன்னது நான்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று உன் வாயால் கேட்டால்தான் எங்களுக்கு நிம்மதி. அப்பா வழக்கம்போல அச்சகத்துக்குப் போய்வருகிறார், பிழை திருத்திப் பிழை திருத்திக் கண்ணாடி நம்பர் ஏறிவிட்டது, மாற்றச் சொன்னால் இப்போதெல்லாம் எழுத்தையே சின்னதாகத்தான் போடுகிறார்கள் என்கிறார். மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள், குளியலறைச் சுவரில் ஈரம் இன்னும் நிற்கவில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். போனில் சொல்ல முடியாத ஒன்றுக்காகத்தான் இத்தனை வருஷம் கழித்துத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். போனில் என்றால் பாதியிலேயே நீ சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுவாய், எனக்கும் பேச்சு வராது. எழுத்தை அப்படி வெட்ட முடியாது, கடைசி வரை படித்துவிடு. மாமாவைப் பற்றியது.

மாமா திடீரென்று போய்விட்டான் என்று போன மாதம் உன்னிடம் சொன்னோம். திடீரென்று இல்லை, ஒரு வருஷத்துக்கு மேல் கஷ்டப்பட்டுத்தான் போனான். நீ அங்கே அப்போதுதான் காலூன்றிக்கொண்டிருந்தாய், கேள்விப்பட்டால் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி ஓடிவந்துவிடுவாய் என்று அவன்தான் எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். என் தம்பிக்குக் கொடுத்த வாக்கு, மீற முடியவில்லை. என்னைத் திட்டத் தோன்றினால் திட்டு, ஆனால் அதற்கு இதைவிடப் பெரிய காரணம் கீழே இருக்கிறது.

அவனை வேலையிடத்தில் எல்லாரும் ஆறாம் மாடி என்று கூப்பிடுவது உனக்குத் தெரியும். எப்போது போன் செய்தாலும் 'ஆறாம் மாடியில இருக்கேன், கீழ வந்து பேசுறேன்' என்பான், நாலே மாடி உள்ள கட்டடத்தில் நின்றுகொண்டும் அதையே சொல்வான். இருபத்திரண்டு வருஷம் லிஃப்ட் ரிப்பேர். அந்த இருட்டுக் குழியில் நின்று மேலே இருக்கிற ஆளுக்குக் கேட்கும்படி கத்திக் கத்தி அவன் குரலே கொஞ்சம் கட்டைக் குரல்தான். அதனால் போன வருஷம் அது கம்மியபோது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. சரியாக அந்தச் சமயத்தில்தான் அவன் கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கியது. ஆட்கள் அதே ஆட்கள், லிஃப்டும் அதே லிஃப்ட், சட்டைப் பையில் தைத்திருந்த பெயர் மட்டும் மாறியது. ஆனால் பழைய இன்சூரன்ஸ் கார்டு அந்த மாசக் கடைசியோடு செல்லாமல் போனது. புதுக் கார்டு செல்லுபடியாக ஐந்து மாதம் ஆகும் என்றார்கள், அதிலும் அதற்கு முன்னாலேயே இருந்த வியாதி என்று தெரிந்தால் இரண்டு வருஷத்துக்கு ஒன்றும் தரமாட்டார்கள் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது.

நான் ஆஸ்பத்திரியில் என்ன வேலை செய்கிறேன் என்று சின்ன வயதில் நீ கேட்பாய், வருகிறவர்களை டாக்டரிடம் அனுப்பிவைக்கிற வேலை என்று சொல்வேன். அது பாதி நிஜம். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து கார்டு நம்பரைத் தட்டுவேன், திரையில் பச்சைக் கோடு வந்தால் உள்ளே அனுப்புவேன், சிவப்பு வந்தால் 'சிஸ்டம் எடுக்கல, உங்க கம்பெனியில கேட்டுட்டு வாங்க' என்பேன். பத்தொன்பது வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி நாக்குக்கே பழகிவிட்டது. கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர்களில் பாதிப் பேர் திரும்ப வருவதில்லை, வருகிறவர்களும் வியாதி முற்றித்தான் வருவார்கள். இதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. தெரிந்தும் நான் செய்ததைக் கேள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா நம் வாஷிங் மெஷினைப் பார்த்துக்கொடுக்க வந்தான். தரையில் மல்லாந்து படுத்து எதையோ முடுக்கிக்கொண்டே, 'அக்கா, மூணு வாரமா தொண்டை தொறக்கவே மாட்டேங்குது, ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடவா?' என்றான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. 'இப்பப் போய்க் காட்டினா சீட்டுல எழுதிடுவாங்கடா, எழுதிட்டா அது பழைய வியாதி, புதுக் கார்டுல அதைத்தான் முதல்ல தள்ளுவாங்க, அஞ்சு மாசம் பொறு, வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளி, கத்தாம வேலை செய்' என்றேன். அவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, 'நீ சொன்னா சரி, உனக்குத் தெரியாததா' என்றான். அப்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெளியாளுக்குத் தெரியாத சூட்சுமத்தை என் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்ற நினைப்பு.

அவன் பொறுத்தான். நான் சொன்னதை அப்படியே செய்தான். இரண்டாவது மாதம் குரல் காற்றாகத்தான் வந்தது, நீ போன் செய்தபோது ஜலதோஷமா மாமா என்று கேட்டாயே அப்போது. மூன்றாவது மாதம் கெட்டியாக எதையும் விழுங்க முடியவில்லை, சூப்பும் பாலுமாக ஓட்டினான். நான்காவது மாதம் கழுத்தில் ஒரு பக்கம் நெல்லிக்காய் அளவில் வீக்கம், சட்டைக் காலரை மேல் பொத்தான் வரை மாட்டி எங்களுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டான். அவன் வீட்டில் உன் அத்தைக்கு மட்டும் தெரியும். டூல் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் சாக்பீஸால் கோடு போட்டு நாள் கணக்கு வைத்திருந்தானாம், ஒவ்வொரு நாளும் ஒரு கோட்டை அழித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவானாம். கார்டு செல்லுபடியான முதல் நாள், லீவு போட்டுவிட்டு என் கவுன்டருக்கு வந்தான். அக்காவின் ஆஸ்பத்திரி என்று உரிமை எடுத்துக்கொள்ளாமல் டோக்கன் வாங்கிக்கொண்டு எல்லாரையும் போல வரிசையில் நின்றான். நம்பரைத் தட்டினேன், பச்சை வந்தது. அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் முகத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல அருவருப்பாக இருக்கிறது.

காது மூக்கு தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார், குரல்வளையில் புற்று. எத்தனை நாளா இப்படி இருக்கு என்று கேட்டிருக்கிறார். இவன் ஒளிவுமறைவில்லாமல் அஞ்சரை மாசமா டாக்டர் என்று சொல்லிவிட்டான். இரண்டு வாரம் என்று சொல் என்று நான் அவனுக்குச் சொல்லிவைக்கவில்லை, அவ்வளவு தூரம் யோசிக்காத புத்திசாலி நான். டாக்டர் அதை அப்படியே எழுதிவிட்டார். ஐந்தே நாளில் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து பதில் வந்தது, பாலிசிக்கு முந்தைய நோய், கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று. எதற்காகக் காத்திருந்தானோ அதுவும் இல்லை. நான் அந்த டாக்டரிடம் ஓடி, ஒரே ஒரு வார்த்தையை மாற்றி எழுதுங்கள் என்று கெஞ்சினேன். நல்ல பிள்ளை, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, 'மாத்த முடியாதும்மா, ரிப்போர்ட் இன்சூரன்ஸுக்குப் போயாச்சு, நீங்க ஆரம்பத்துலயே கூட்டிட்டு வந்திருந்தா இவ்வளவு தேவையே பட்டிருக்காது' என்றார். அவருக்கு எதுவும் தெரியாது, சும்மா சொன்னதுதான். நான் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சொன்னது உண்மைதான் என்பதற்கு என் கண்ணெதிரிலேயே சாட்சி இருக்கிறது. மாமாவுக்குத் தொண்டை கட்டிய அதே மாதத்தில் ஒரு டீச்சர் வந்தார்கள், அவர்களுக்கும் அதே குரல் கம்மல், அதே இடத்தில் அதே வியாதி. பள்ளிக்கூடத்தில் கொடுத்த கார்டு, பச்சை. இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிட்டார்கள், மிளகு அளவுதான் இருந்ததாம். ஆபரேஷன்கூட இல்லை, ஆறு வாரம் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள், முடிந்தது. இப்போது சும்மா பரிசோதனைக்கு வருகிறார்கள். போன வாரம் கண்ணாடி ஓட்டை வழியாக, 'என்னம்மா, இளைச்சுப் போயிட்டீங்க?' என்று கணீரென்று கேட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நூறு வயது வாழட்டும். ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்து பின்பக்கம் போய்விட்டேன்.

பிறகு பொது ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம். அங்கே இருக்கிறவர்களைக் குறை சொல்லமாட்டேன், ஆள் பார்க்காமல் பார்க்கிறார்கள், ஆனால் ஒரே மெஷின், முன்னால் அத்தனை பேர். ஏழு வாரம் கழித்து நாள் கொடுத்தார்கள், அதற்குள் கதிர் மட்டும் போதாது, குரல்வளையையே எடுக்கவேண்டும் என்று ஆகிவிட்டது. எடுத்தார்கள். கழுத்தில் ஓட்டை, அதன் வழியாகத்தான் மூச்சு. அதற்குப் பிறகு ஆறாம் மாடிக்குப் பேச்சே இல்லை. நீ போன் செய்யும்போதெல்லாம் மாமா டியூட்டியில் இருக்கிறான் என்று நான் சொன்னது பொய். பல தடவை நம் வீட்டில் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். ஸ்பீக்கரில் போடச் சொல்லிச் சைகை காட்டுவான், நீ சிரித்தால் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டுவான். அது என்னம்மா சத்தம் என்று ஒரு நாள் கேட்டாய், குழாய் ரிப்பேர் நடக்கிறது என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்து, சிரித்தால் இருமல் வந்து, அத்தை அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். மூன்று மாதத்தில் நுரையீரலுக்கு ஏறிவிட்டது. ஒரு மத்தியானம், அத்தை அவனுக்குத் துணி மாற்றிவிட்டுக்கொண்டிருக்கும்போது, அவள் கையைப் பிடித்தபடியே போய்விட்டான். ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை.

எல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து அத்தையிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவள் கட்டிலில் அவனுடைய யூனிஃபார்ம் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு என்னிடம் கேட்டான், நான்தான் வேண்டாம் என்றேன் என்று சொல்லிவிட்டு அழுதேன். அவள் அழவில்லை. 'தெரியும் அண்ணி, அன்னிக்கே வந்து சொன்னாரு' என்றாள். கையிலிருந்த சட்டையை மடித்துவைத்துவிட்டு, 'நான் தினமும் வாங்க போகலாம், வாங்க போகலாம்னு நச்சரிச்சிருப்பேன், அக்கா சொல்லிடுச்சுன்னு அவரு சொன்னதால வாயை மூடிக்கிட்டேன், உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்' என்றாள். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை, திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிறகு அடுத்த சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள், நான் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை போனேன், டீ கொடுக்கிறாள், பேசுகிறாள், ஆனால் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அப்பாவோ, நீ வேண்டுமென்றா சொன்னாய், அந்த விதியை எழுதினவன் எவனோ நிம்மதியாகத் தூங்குகிறான், நீ ஏன் உன்னையே கொன்றுகொள்கிறாய் என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். ஆனாலும் அந்த விதியை என் தம்பியிடம் கொண்டுபோய்ச் சேர்த்த வாய் என்னுடையது.

இப்போதும் அதே நாற்காலியில்தான் உட்காருகிறேன், வேறு வேலைக்கு இந்த வயதில் யார் எடுப்பார்கள். சிவப்பு வந்தால் பழைய வார்த்தையைச் சொல்வதில்லை. பொது ஆஸ்பத்திரிக்கு எந்தப் பஸ், எந்த வாசல், எத்தனை மணிக்குச் சீட்டு கொடுப்பார்கள் என்று துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, கார்டுக்காகக் காத்திருக்காதீர்கள், இன்றைக்கே போங்கள் என்கிறேன். சூப்பர்வைசர் கூப்பிட்டு அது உங்க வேலை இல்லை என்று சொல்லியாகிவிட்டது. பார்க்கலாம்.

இனி உன் விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய். பழைய வேலையை விட்டாயிற்று, புது இடத்தில் கார்டு வர மூன்று மாதம் ஆகும், மார்பில் சின்னதாகக் கட்டிபோல ஏதோ தட்டுப்படுகிறது, வலியெல்லாம் இல்லை, கார்டு வந்ததும் காட்டிக்கொள்கிறேன் என்றாய். உடனே போ என்றேன், அம்மா எல்லாவற்றுக்கும் பயப்படுவாள் என்று சிரித்தாய். ஒன்றும் இல்லாத கட்டியாகவே இருக்கலாம், பத்தில் ஒன்பது அப்படித்தான், தினமும் பார்க்கிறேன். ஆனால் அதை நீயோ நானோ சொல்லக்கூடாது, பார்த்துவிட்டு டாக்டர் சொல்லட்டும். சீட்டில் என்ன வேண்டுமானாலும் எழுதட்டும், எவன் வேண்டுமானாலும் தள்ளுபடி செய்யட்டும், அதை நானும் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம். கணக்குப் போடாதே கண்ணு. இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாள் ஆகும், அதற்குள் போய்க் காட்டியிருந்தால் நல்லது, காட்டவில்லை என்றால் இதை மேஜையில் வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொள். போய்விட்டு வந்து எனக்குப் போன் செய், என்ன சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை விடாமல் சொல்லவேண்டும், நல்லதானாலும் கெட்டதானாலும் மறைக்காதே. நாங்கள் உனக்குச் செய்ததை நீ எங்களுக்குச் செய்யாதே.

நீ நோய் நொடி இல்லாமல் நெடுநாள் வாழவேண்டும். அப்பா தன் ஆசியையும் சேர்த்து எழுதச் சொன்னார். அத்தைக்கு நீ ஒரு போன் செய், என்னைப் பற்றி ஒன்றும் பேசவேண்டாம், சாப்பிட்டாயா என்று மட்டும் அவளிடம் கேள்.

இப்படிக்கு,
உன் போனுக்காக வேலை நேரத்திலும் கையிலேயே போனை வைத்திருக்கும்
அம்மா