பிள்ளையார் பெயரில் ஒரு கணக்கு

வெள்ளிக்கிழமை, 2007 தை 19

கொட்டாஞ்சேனைப் பெயின்ட் கடைக்கு நான் புதுக் கணக்கு சொஃப்ட்வெயார் போட்டுக் கொடுத்த நாளிலிருந்து தினமும் பணம் குறைந்தது. பில்லில் இருக்கும் காசு மேசை லாச்சியில் இல்லை. காசாளர் நஸீராவை எல்லோரும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அவள் மத்தியானம் சாப்பிடுவதையே விட்டிருந்தாள்.

இன்று நான் கடை திறக்கும்போதே வேளைக்குப் போனேன். நாளின் முதல் பில்லை முதலாளியே போட்டார். வந்த காசைக் கண்ணில் ஒற்றி, பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகினார். பழைய வழக்கமாம். மாத முடிவில்தான் எடுத்து பாங்கில் போடுவாராம். கம்ப்யூட்டருக்கு அது எப்படித் தெரியும்?

சொஃப்ட்வெயாரில் பாங்குக் கணக்குகளோடு ‘பிள்ளையார்’ என்று இன்னொன்று திறந்து, முதல் பில் காசையெல்லாம் அதற்கு மாற்றினேன். ஒரு சதம் பிசகவில்லை.

“அப்ப பிள்ளையாரிட்டயும் ஓவர்ட்ராஃப்ட் கேக்கலாமோ?” என்றார் முதலாளி, வெட்கத்தை மறைக்க.

“கேளுங்க முதலாளி, அவர் வட்டி எடுக்க மாட்டார்” என்றாள் நஸீரா. அவள் சிரித்து எத்தனை நாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், வெள்ளவத்தைச் சோதனைச்சாவடியில், ஏன் சிரிக்கிறாய் என்று ஆமிக்காரன் கேட்டான். கணதெய்யோ, அதுதான் எங்கட பிள்ளையார், பாங்குக் கணக்குத் திறந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அடையாள அட்டையைத் திருப்பித் தந்தபோது அவனும் கொடுப்புக்குள் அடக்கிச் சிரித்த மாதிரித்தான் இருந்தது.