எமிலுக்குச் சொன்ன பதில்

செப்டெம்பர், வியாழன் இரவு. வில்லரே.

எமிலை இண்டைக்கு ஐஸ் ஹொக்கி அணியிலயிருந்து கழிச்சுப்போட்டினம். பத்தொன்பது வயசுத் தடுப்பாட்டக்காரன். இளம் வீரர்களைப் பாத்து மதிப்பிடுறதுதான் என்ர வேலை. பயிற்சி முகாம் முழுக்க அவனுக்காகக் கதைச்சன்.

"அவன் ஐஸில நிக்கேக்க ஒண்டுமே நடக்கேல்லையே," எண்டார் பயிற்சியாளர்.

"எதிரணியை ஒண்டும் செய்ய விடேல்லை. அதுதானே அவன்ர திறமை?"

ஒருத்தரும் கேக்கேல்லை. ஆக்களை இடிச்சு விழுத்துற இன்னொரு பெடியனை எடுத்தினம்.

வெளியில எமில் பையோட நிண்டான். "நான் எதைத் திருத்தோணும்?" எண்டு பிரெஞ்சில கேட்டான். திருத்த ஒண்டுமில்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை.

"இன்னும் பலமா இடிச்சு விளையாடு," எண்டன்.

கண் கலங்க, "மெர்சி," எண்டு நன்றி சொன்னான்.

சொன்னதை அப்பிடியே செய்யிற பெடியன் அவன். இனி இடிக்காமலே தடுக்கிற அவன்ர அந்த ஆட்டத்தை ஒருத்தரும் பாக்கப்போறதில்லை.