கரை இன்னும் சரியவில்லை

அன்பு மகள் லோரிக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த ஆஸ்திரேலிய வெயிலில் சுகம்தானே. எங்களுக்கு மனசுதான் சரியில்லை.

நம் வேல்ஸ் மழையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இந்த டிசம்பர் மாதிரி நான் பார்த்ததில்லை, மழை, உறைபனி, மறுபடி மழை. நம் ஊர் நீராவி ரயிலுக்கு அந்த ஒரு மாதம்தான் அறுவடை, கிறிஸ்துமஸ் தாத்தா வண்டியில் வரும் காசில்தான் பாய்லரைப் பழுதுபார்க்க இருந்தோம், இல்லாவிட்டால் ஈஸ்டருக்கு இஞ்சின் கிளம்பாது. கடைசி வாரத்துக்கு எல்லா டிக்கெட்டையும் நான்தான் விற்றேன். சனிக்கிழமை காலை அப்பா வழக்கம்போலப் பாதையை நடந்து பார்த்துவிட்டு வந்து, தண்டவாளத்தைத் தாங்கும் ஆற்றோர மண்கரையில் வெடிப்பு விட்டிருக்கிறது, வண்டி போகக் கூடாது என்றார். ரயில் சங்கத் தலைவர் குவிலிம் வெளுத்துப்போய், ஏம்ப்பா எம்ரிஸ், மெதுவா ஊர்ந்து போனா ரெண்டு நாள் தாங்காதா என்று கெஞ்சினார். தாங்கலாம், தாங்காமலும் போகலாம், புள்ளைங்க ஏறுற வண்டிய வச்சு நான் சூதாட மாட்டேன் என்றார் அப்பா. பிளாட்பாரம் முழுக்கச் சிவப்புக் குல்லாக்கள். பிள்ளைகளை நின்ற வண்டியிலேயே உட்காரவைத்து, கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பரிசு கொடுக்கச் சொல்லி, நான் மின்ஸ் பை பலகாரம் நீட்டினேன். ஒருத்தி, நிக்கிற வண்டியில உக்காரத்தான் மூணு மணி நேரம் காரோட்டி வந்தமா, காச எடு என்றாள். என் வாய் உனக்குத் தெரியும், அன்றைக்கு அடக்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமையும் அதே கதை, வந்த காசெல்லாம் வந்த வழியே போனது.

கிறிஸ்துமஸும் போய்விட்டது, கரை அப்படியே நிற்கிறது. பரிசோதிக்க வர வேண்டிய இஞ்சினியர் அடுத்த மாதம்தான் வருவாராம். கடையில் குவிலிம் மனைவி எல்லோர் காதிலும் விழும்படி, கரை கல்லு மாதிரி நிக்குதே நெஸ்டா, உன் வீட்டுக்காரருக்குக் கண்ணாடி மாத்தணுமோ என்று கேட்டாள். அப்பா தினமும் விடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அப்படியேதான் இருக்கு என்று கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறார். சாப்பாடும் பாதிதான்.

நேற்று தேவாலயத்தில் மழை நிற்க வேண்டும் என்று எல்லோரும் ஜெபித்தார்கள். நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, இன்னும் பெய்யட்டும், அந்தக் கரை விழட்டும் என்று வேண்டிக்கொண்டேன். விழுந்தால் ரயிலே போய்விடும் என்று தெரிந்துதான் வேண்டினேன். வெட்கமாக இருக்கிறது, லோரி.

வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே. கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் பண்ணு, என்ன வேண்டுமானாலும் பேசு, கரையைப் பற்றி மட்டும் கேட்காதே.

உன் அன்பு அம்மா,
நெஸ்டா