பலாப்பழத்துக்குள் தூங்கிய ராசா

கட்டுகஸ்தோட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தர்ஷிகாவுக்கு,

அம்மா எழுதுவது. கட்டுக்கலைப் பிள்ளையார் துணையில் நான் சுகம், மழைக்கு முழங்கால்தான் சொல்பேச்சுக் கேட்கமாட்டேன் என்கிறது. நீயும் மருமகனும் பேத்தியும் அந்தக் குளிரில் நல்லபடி இருக்கவேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றுகிறேன். அப்பா போய் மூன்று மாதமாகிவிட்டது. போன கிழமை போனில் கேட்டாயே, பலாப்பழத்துக்குள் ராசா தூங்குவாரே, மீன் ரயிலில் டிக்கட் கிழிக்குமே, அந்தக் கதை எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்று. தெரியாது என்று சொல்லிவிட்டேன். தெரியும் புள்ள. போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று அப்பாவின் உடுப்புகளை யாருக்காவது கொடுக்கலாம் என்று அலுமாரியை ஒதுக்கினேன், சேட்டுகளுக்கு அடியில் அப்பா உனக்கு வாசித்துச் சொன்ன அந்தப் படப்புத்தகம் இருந்தது. நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது தொலைந்துவிட்டது என்று அப்பா சொன்னாரே, அதேதான். தொலையவில்லை, அவர்தான் ஒளித்தார், ஏனென்றால் நீ எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தாய். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. பன்வில தேயிலைத் தோட்டத்தில் தாய் செத்த வருசமே அவரை வேலைக்கு விட்டுவிட்டார்கள், பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. படங்களைப் பார்த்து அவரே கட்டிய கதைகள்தான் எல்லாம். அதனால்தான் ஒரு நாள் ராசா மழையாகிப் போவார், மறுநாள் ஆடாகி வருவார். நேற்று இல்லாத ராணி இன்றைக்கு எப்படி வந்தாள் என்று நீ குழம்பி அழுவாய். "அவ நேத்து பஸ்ஸ விட்டுட்டா புள்ள, அதான் வரல" என்று சமாளிப்பார். நான் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் சிரிப்பை அடக்கி வாயைப் பொத்திக்கொண்டு நிற்பேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

இருந்த இருப்பில் புத்தகம் முழுவதையும் வாசித்தேன். போரில் தோற்ற ராசாவின் கதை அது. அப்பா பலாப்பழம் என்றது முரசு, மீனோ பக்க ஓரத்தில் போட்ட வெறும் சித்திரவேலை. வாசித்து முடித்ததும் அப்பா சொன்னதுதான் சரி, அச்சடித்தவர்கள்தான் பிழைவிட்டார்கள் என்று தோன்றியது. பேத்திக்கு நீ உனக்கு நினைவிருக்கிறபடியே சொல்லு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உன் கலியாணத்துக்கு முன்னால் அப்பாவுக்குக் கடிதம் போட்டாய், சம்மதம் என்றால் உங்கள் கைப்பட ஒரு வரி எழுதுங்கள் என்று. அவர் போனில் "நல்லா இரு" என்றார், நீ நம்பவில்லை, கோபத்தில்தான் சொல்கிறார் என்று நினைத்தாய். அதற்குப்பிறகு அவரோடு சரியாகப் பேசவே இல்லை. அந்தக் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன், மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். நான் எழுதட்டுமா என்று கேட்டேன். "ஒன் எழுத்து அவளுக்குத் தெரியும், வேணாம்" என்றார். மறுநாள் தேத்தண்ணி குடிக்கும்போது, "கலா, எனக்கு எழுத்துச் சொல்லிக் குடேன்" என்றார். இந்த வயசுலயா என்று சிரித்துவிட்டேன். அவரும் கூடச் சிரித்தார். பிறகு கேட்கவே இல்லை. அவர்மேல் உனக்கு இன்னும் கோபம் இருந்தால் விட்டுவிடு மகள், கோபப்படவேண்டியது என்மேல்தான்.

பிள்ளையின் காதில் குளிர்காற்றுப் படவிடாதே. இரும்புச்சத்துக் குளிசையை மறக்காமல் குடி. மருமகனுக்கும் என் அன்பைச் சொல்லு. நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழவேண்டும்.

உன் அம்மா,
கலாராணி