ஒக்டோபர் ஒன்பதாம் தேதிப் படம்

கடுகண்ணாவை,
வெள்ளிக்கிழமை.

அன்புத் தங்கச்சி பஸ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. போனில் அனுப்பினால் திறக்காமலே அழித்துவிடுவாய் என்றுதான் இந்த வயசில் பேனை பிடிக்கிறேன். உள்ளே ஒரு படம் இருக்கிறது. கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு அதைப் பார்.

உம்மா முன்னைப்போல இல்லை. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை இருந்தார். இனி வீட்டில் வைத்தே பாருங்கள் என்று டொக்டர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. உன்னோடு போனில் பேசும்போது மட்டும் குரலைத் தெம்பாக வைத்துக்கொள்கிறார். பேசி முடித்ததும் படுத்துவிடுகிறார்.

என் மகள் றிப்தா பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள் அல்லவா, பாடத்துக்குப் படம் தேடும்போது வெளிநாட்டு மியூசியம் ஒன்றின் பக்கம் அவளுக்குக் கிடைத்தது. ஒரு தேதியைக் கொடுத்தால், அந்த நாளில் எடுத்த பழைய படங்கள் எல்லாம் வரும். எனக்கு உடனே உம்மா சொல்லும் கதைதான் ஞாபகம் வந்தது. நீ பிறந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் அன்று, ரயிலைப் படம் பிடிக்க வந்த வெள்ளைக்காரன் ஒருவன் நம் கடை வாசலில் நின்ற வாப்பாவையும் பிடித்துக்கொண்டு போனான். அடுத்த மாதமே கணவாயில் லொறி புரண்டு வாப்பா மவுத்தாகிவிட்டார். படம் எடுப்பதே ஆகாது என்றிருந்த மனிதர். வீட்டில் அவருடைய முகம் ஒரு துண்டுக் காகிதத்தில்கூட இல்லை.

பெருநாளை இங்கிலீஷ் தேதிக்கு மாற்றிக் கேட்டதற்கு, 1981 ஒக்டோபர் எட்டு என்று போன் சொன்னது. அதை நம்பி மூன்று மாதம் தேடினேன். அந்த ஒரு நாளுக்கு ஆயிரத்துக்கு மேல் படங்கள். யாரோ ஒரு சீமாட்டியின் தொப்பி, பரிசு வாங்கிய மாடு, பனியில் நிற்கும் பாலம், எல்லாம் பார்த்தேன். வாப்பா இல்லை. இந்த வருஷம் ஹஜ்ஜுக்கு, சவூதியில் இன்றைக்குப் பெருநாள், நமக்கு நாளைக்குத்தான் என்று றிப்தா சொன்னபோதுதான் உறைத்தது. நம் நாட்டுப் பிறை ஒரு நாள் பிந்தியது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எனக்குத்தான் புத்தி போகவில்லை. ஒன்பதைப் போட்டுப் பார்த்தேன். பதினோராவது படம்.

இப்போது நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். என் கல்யாணச் சாரியை நீ இஸ்திரிக்கைப் பெட்டியால் பொசுக்கிய அன்று, இரண்டாவதும் பெண்ணா என்று வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார், உன்னை ஒரு தடவைகூடத் தூக்கவில்லை என்று சொன்னேனே, அது பொய். உம்மா சத்தியம் பண்ணிச் சொல்லியும், ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தாய். நான் வாயைத் திறந்திருந்தால் நம்பியிருப்பாய். திறக்கவில்லை. கோபம் ஆறியபோது வெட்கம் வந்தது. வெட்கத்திலேயே வருஷங்கள் போய்விட்டன. நீயும் கடல் கடந்து போய் இருபத்திரண்டு வருஷம் இந்த வாசலை மிதிக்கவில்லை.

படத்தில் வாப்பா உடுத்திருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு, புதுச் சட்டையோடு முகத்தை உம்மென்று வைத்திருப்பவள் நான். நீ வந்த பிறகு என்னைத் தூக்குவதில்லை என்ற எரிச்சல். அவர் தோளில் கிடப்பது நீ. மூன்று மாதக் குழந்தை. வெள்ளைக்காரனின் கண் பட்டுவிடும் என்று உன் முகத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நிற்கிறார். தன் முகத்தை மறைக்க அவருக்கு ஞாபகமே வரவில்லை. அதனால்தான் நமக்கு வாப்பா கிடைத்தார், பஸ்னா.

என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. அதைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. நீ வரும் நாளில் நான் வீட்டில் இருக்கக்கூடாது என்றால், பிலிமத்தலாவையில் றிப்தாவின் வீட்டுக்குப் போய்விடுகிறேன். உம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, புத்தியும் சில நேரம் தடுமாறுகிறது. படத்தைப் பெரிதாக்கிக் கையில் கொடுத்தோம். வாப்பாவை வெகு நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு றிப்தாவைக் கூப்பிட்டு, அந்தக் கையக் கொஞ்சம் வெலக்கிட்டு எங்கட புள்ளட மொகத்தக் காட்டு மகள் என்றார். இரண்டு நாளாக அதையேதான் கேட்கிறார். நான் என்ன செய்வேன், சொல்லு.

உன்னையும் உன் பிள்ளைகளையும் அல்லாஹ் தன் காவலில் வைத்திருக்கட்டும். வா, தங்கச்சி.

உன் ராத்தா,
சகீனா